பூண்டுக் காட்டில் விழுந்த பீப்பாய்

குருநாதன் வகுப்பெடுக்க ஆரம்பித்தால் முதல் வரிசையில் இருப்பவர்களே தூங்கிவிடுவார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாடம் அப்படி. யுரேனியம் மாதிரியான அணுப்பிளவுப் பொருளை எந்தக் கலத்தில் அடைப்பது, எப்படி வண்டியில் ஏற்றுவது என்பதை ஊர் ஊராகப் போய் போலீஸ்காரர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் சொல்லித்தருவது அவர் உத்தியோகம். ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அந்தக் கலம் உடையக்கூடாது, அரைமணி நேரம் தீயில் வெந்தாலும் கசியக்கூடாது என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சில் குறட்டை கேட்கும். அவருக்குப் பழகிவிட்டது.

2006 தை மாதம் கொடைக்கானலில் ஒரு வகுப்பு. காட்டுவதற்காக மாதிரிப் பீப்பாய்கள் இரண்டை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார். அசல் பீப்பாய்தான், கெட்டியான எஃகு, உள்ளே சுற்றிலும் மெத்தை மாதிரி திணிப்பு, நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஒன்றும் கிடையாது. வெளியே மட்டும் மூன்று இதழ் கதிரியக்கக் குறி போட்ட மஞ்சள் லேபிள், 'அணுப்பிளவுப் பொருள்' என்று இன்னொரு லேபிள், எல்லாம் முறைப்படி ஒட்டியிருந்தது.

"இந்தச் சரக்கு தனித்தனியா இருக்கிறவரைக்கும் சாது" என்றார் குருநாதன். "அளவுக்கு மேல ஒண்ணா சேர்ந்தாத்தான் வம்பு. பந்தியில பங்காளிகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கிறோமில்ல? அப்படி பீப்பாய்க்குப் பீப்பாய் இடைவெளி விடணும்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மலைக் குளிருக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் சொக்கிப்போயிருந்தார்கள். ஒரே ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், சண்முகசுந்தரி என்று சட்டையில் பெயர், கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கை தூக்கினார்.

"காலி டிரம்முன்னா எப்படிங்க சார் கண்டுபிடிக்கிறது?"

குருநாதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேள்வி! "லேபிளைக் கிழிச்சிருக்கணும், இல்லாட்டி மூடியிருக்கணும்மா. லேபிள் அப்படியே இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னே வச்சுக்கங்க. யார் வந்து சொன்னாலும் நம்பாதீங்க. நானே வந்து சொன்னாலும் நம்பாதீங்க."

மறுநாள் காலை விருந்தினர் விடுதியில் குருநாதன் இரண்டாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், நான் சண்முகசுந்தரி. உங்க டிரம்மு ஒண்ணு பூம்பாறைக்கு இந்தப் பக்கம் பூண்டுக் காட்டுல கெடக்கு. வெரசா வாங்க."

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். ஜீப்பைக் காணோம். டிரைவர் வேலப்பனையும் காணோம்.

வாடகைக்கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பூம்பாறை சாலை திருவிழா மாதிரி இருந்தது. சாலையின் குறுக்கே இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. ஒரு பக்கம் கிளாவரையிலிருந்து வந்த பஸ், அதன் பின்னால் கேரட் ஏற்றிய லாரி. இன்னொரு பக்கம் ஊட்டி என்று நினைத்துக் கொடைக்கானலுக்கு வந்துவிட்டதாகத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குடும்பம். இரண்டு கயிற்றுக்கும் நடுவில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு சண்முகசுந்தரி.

கீழே எட்டிப் பார்த்தார் குருநாதன். சாலையிலிருந்து சரிந்து, படிப்படியாக இறங்கிய பாத்திகளில் அகலமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு உருண்டுபோய், ஒரு வரப்பில் முட்டி நின்றது பீப்பாய். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரரான திருமலைச்சாமி கயிற்றுக்கு வெளியே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே என் பூண்டைத் தின்னா ஆள் ராத்திரியில வெளிச்சம் அடிப்பான்கிறாங்களே, நெசமா சார்?"

"அய்யோ, அதுல ஒண்ணும் இல்லைய்யா. காலி!" என்று சொல்லிக்கொண்டே குருநாதன் கயிற்றைத் தூக்கினார்.

சண்முகசுந்தரியின் லத்தி குறுக்கே வந்தது.

"சார், பின்னாடி போங்க."

"அம்மா, என்னைத் தெரியலையா? நேத்து நான்தானே..."

"நல்லாத் தெரியுது சார். லேபிள் ஒட்டியிருக்கு. நீங்களே வந்து சொன்னாலும் நம்பக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

பின்னாலிருந்து பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கேரட் லாரிக்காரர் வத்தலகுண்டு மார்க்கெட்டுக்கு நேரமாச்சு என்று கத்துகிறார். ஆனால் குருநாதனுக்குள்ளே, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் ஊறியது. இத்தனை வருஷத்தில் ஒரு ஜீவன் அவர் பாடத்தைக் கேட்டிருக்கிறது. கேட்டது மட்டுமில்லை, அவரையே பிடித்து நிறுத்தியிருக்கிறது.

"ஜீப் எங்கம்மா?" என்றார், கயிற்றுக்கு வெளியே ஒழுங்காக நின்றுகொண்டு.

"அந்த வளைவுக்கு அங்கிட்டு நிறுத்தி வச்சிருக்கேன். அதுல இன்னொரு டிரம்மு இருக்கில்ல? பங்காளிக ரெண்டும் கிட்டக்க வரக்கூடாதே."

வளைவுக்கு அந்தப் பக்கம் வேலப்பன் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான். பின்கதவின் கொக்கி சரியாக மாட்டவில்லையாம். மேட்டில் ஏறும்போது கதவு திறந்து பீப்பாய் குதித்துவிட்டதாம்.

"காலங்காத்தால பூம்பாறையில உனக்கு என்னடா சோலி?"

"சும்மா... கோயிலுக்குங்க சார்."

"கோயிலுக்கு யுரேனியப் பீப்பாயோடயா?"

குருநாதன் ஜீப்பிலிருந்து கதிரியக்கம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு திரும்பியதும், வேலப்பன் பின்னாலேயே ஓடிவந்தான். "சார், அதைத் திறக்க வேணாம் சார். அப்படியே தூக்கி வண்டியில போட்டுருவோம்."

இது சண்முகசுந்தரியின் காதில் விழுந்தது. "பாத்தீங்களா சார்? உங்க டிரைவரே பயப்படறான். அளந்து காட்டுங்க, திறந்து காட்டுங்க, அப்புறம்தான் கயிறு அவுக்கிறது."

குருநாதன் பாத்திகளில் இறங்கினார். பின்னாலேயே சண்முகசுந்தரியும், போலீஸ் துணை இருக்கும் தைரியத்தில் திருமலைச்சாமியும் இறங்கினார்கள். பீப்பாய் பக்கத்தில் போய்க் கருவியை முடுக்கினார். டிக்... டிக்டிக்... டிக்.

மேலே சாலையில் 'ஐயோ' என்று ஒரு சத்தம். அவர் நிமிர்ந்து பார்த்தபோது சாலை காலியாக இருந்தது. பஸ்ஸே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. சண்முகசுந்தரி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. திருமலைச்சாமியும் ஓடவில்லை. கால் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஓடாதீங்க! இந்தச் சத்தம் எங்க வச்சாலும் வரும். மண்ணுலயும் கல்லுலயும் இயற்கையாவே கொஞ்சம் இருக்கு" என்று கத்திவிட்டு, நிரூபிப்பதற்காகப் பக்கத்திலிருந்த பெரிய பாறைமேல் கருவியை வைத்தார். அது முன்னைவிட வேகமாக டிக்டிக்கென்றது.

"அப்ப இந்தப் பாறைக்கும் கயிறு கட்டணுமா சார்?" என்றார் சண்முகசுந்தரி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"வேணாம்மா. பாறை பாட்டன் காலத்துலருந்து இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பீப்பாய்ல அதைவிடக் கம்மி. இப்பத் திறக்கிறேன், வெறும் குழியை நீங்களே பாருங்க."

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். குப்பென்று அடித்தது வாசனை. குழி நிறையப் பூண்டு. பரணில் புகை போட்டு முடிந்த மலைப்பூண்டு, கொத்துக் கொத்தாக. பூண்டுக்கு நடுவே பழைய வேட்டியில் சுற்றிய கண்ணாடி பாட்டில் ஒன்று. கொம்புத்தேன்.

"காலின்னீங்க?" என்றார் சண்முகசுந்தரி.

மேலேயிருந்து இறங்கி ஓடிவந்த வேலப்பன் குருநாதன் காலில் விழப்போனான். அவன் பெண்டாட்டி ஆனந்திக்குப் போன வாரம்தான் பிரசவம் ஆகியிருந்தது. பால் ஊற மலைப்பூண்டு கொடுக்கச் சொன்னார்களாம். ஜீப்பில் வெளியே வைத்தால் சார் கேள்வி கேட்பார், கடைவீதியில் வண்டியை நிறுத்தினால் எவனாவது எடுத்துவிடுவான். "இதைவிடப் பத்திரமான பெட்டி உலகத்துலயே இல்லைன்னு நீங்கதானே சார் நேத்துச் சொன்னீங்க."

அவனும் கேட்டிருக்கிறான்! ஒரே வகுப்பில் இரண்டு பேர்.

குருநாதன் தேன் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இத்தனை பாத்தி உருண்டும் ஒரு கீறல் இல்லை. திட்டுவதற்காக அவர் திறந்த வாயில் வார்த்தை வேறாக வந்தது: "பாத்தியாடா? ஒரு சொட்டு கசியலைடா!"

திருமலைச்சாமி பூண்டை ஒரு பல் உரித்து மோந்துவிட்டு, இது தன் மச்சான் வீட்டுச் சரக்கு, தன்னுடையது இதைவிடக் காரம் என்றார். நசுங்கிய பாத்திக்காக வேலப்பனை மறுபடி வந்து நட்டுக்கொடுக்கச் சொன்னார், அவனும் தலையாட்டினான். அதன் பிறகும் சண்முகசுந்தரி பூண்டையெல்லாம் வெளியே கொட்டச்சொல்லி, குழிக்குள் கைவிட்டுத் தடவிப்பார்த்து, லேபிள்களைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார். பஸ் கிளம்பியது.

சாயங்காலம் ஜீப் மலையிறங்கியது. மதுரைக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, "முதல்ல உன் வீட்டுக்கு விடு" என்றார் குருநாதன். பழனி அடிவாரத்தில் பாலசமுத்திரத்தில் வீடு. பூண்டு மூட்டையை இறக்கியதும் ஆனந்தி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"பல்லு இம்புட்டுப் பொடிசா இருக்கு. இதையெல்லாம் உக்காந்து உரிக்கிறது யாராம்?"

வேலப்பன் தலையைச் சொறிந்தான். குருநாதன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"ஒரு முறம் கொண்டாம்மா" என்றார்.