அன்புசெல்வியின் முதல் தனிச்சுற்று

ஐம்பத்திரண்டு வயதில் விமானம் ஓட்டக் கிளம்பினால் ஊர் சும்மா இருக்குமா? கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டிருந்த அன்புசெல்வி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பயிற்சியில் சேர்ந்தபோது அவள் குடியிருக்கும் சாரம் பகுதியில் சிரிக்காத வாய் இல்லை. இன்று முதன்முறையாகத் தனியாகப் போக வேண்டும். லாசுப்பேட்டை ரன்வேயிலிருந்து எழும்பி, ஒரு சுற்று சுற்றி இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

“பாக்கெட்ல எதுனா இருக்கா மேடம்? உள்ள உருண்டு கிருண்டு விழுந்தா வம்பு,” என்று கேட்டான் பயிற்சியாளன் விக்ரம். அவளுக்கு மகன் வயது.

“ஒண்ணும் இல்ல சார்.”

பச்சைப் பொய். கால்சட்டைப் பையில் மாரியம்மன் கோயில் எலுமிச்சம்பழம் இருந்தது. சைக்கிளுக்கே பழம் வைக்கிற ஊரில், ஆகாயத்துக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது?

பக்கத்து இருக்கை காலி. ஆள் எடை குறைந்ததில் விமானம் துள்ளிக்கொண்டு ஏறியது. கடலுக்கு மேலே உயரம் பிடித்து விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியபோதுதான் பையிலிருந்து பழம் நழுவி உருண்டு, மூக்கைத் திருப்பும் வலது பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டது. அழுத்தினாள். பெடல் இறங்கவில்லை. பக்கக் காற்று அடிக்கிறபோது அந்தப் பெடல் இல்லாமல் நேராகத் தரை தொட முடியாது. குனியலாமென்றால் பெல்ட் விடவில்லை. பெல்ட்டைக் கழற்றக் கை வரவில்லை. செத்துவிடுவோம் என்று நினைத்தாள்.

ரேடியோவில் சொன்னால் டவரில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். இனி யார் அவளைத் தனியாக விடுவார்கள்? சொல்லாவிட்டாலோ உயிரே போய்விடும்.

“சார், பொய் சொல்லிட்டேன். எலுமிச்சம்பழம்... வலது பெடல்ல மாட்டிக்கிச்சு.”

டவரிலிருந்து விக்ரமின் குரல் வந்தது.

“இறங்காதீங்க. உயரத்துலயே இருங்க. புது வண்டிக்கு டயர்ல வச்சு நசுக்குவோம்ல? அதே மாதிரி மிதிங்க. நசுங்குனதும் மூக்கு வலது பக்கம் வெட்டும். உடனே இடது காலைக் குடுங்க.”

மிதித்தாள். அசையவில்லை. இருந்த பயத்தையெல்லாம் காலில் இறக்கி இன்னொரு மிதி. பழம் வெடித்தது. விமானம் வலப்பக்கம் திரும்பிச் சாய, கண்ணாடி முழுக்கக் கடல்.

“அய்யோ அம்மா!”

இடது காலைக் கொடுத்தாள். மூக்கு மெல்ல நேரானது. அப்புறம் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு முறை குதித்துத்தான் தரையில் நிலைத்தது.

விமானம் நின்ற இடத்துக்கு விக்ரம் ஓடிவந்து கதவைத் திறந்தான். முகம் வெளுத்திருந்தது. திட்டுவான் என்று காத்திருந்தாள்.

“இறங்குங்க மேடம்.”

“மாட்டேன் சார்.” அவள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். “இப்ப இறங்குனா மறுபடி ஏற மாட்டேன். எனக்குத் தெரியும். நீங்க பக்கத்துல உக்காருங்க. இன்னொரு சுத்து போலாம்.”

அவன் பெடலைத் துடைத்தான். பலமுறை அழுத்திப் பார்த்தான். பிறகு சுற்றி வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.