கிழக்கு வயலில் செத்த செம்புறாக்கள்

பண்ணையார் பஞ்சநதம் தை மாதம் முழுக்கப் பல் துலக்குவதற்கு முன்பே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திடலுக்குப் போய்விடுவார். வயலுக்கு மேற்கே கருவேலமும் பனையும் நின்ற தரிசு அது. அறுப்பு முடிந்ததும் அங்கே ஒரு காட்டுப்புறாக் கூட்டம் இறங்கும். சாம்பல் தலை, செங்கல் நிற முதுகு, பின்கழுத்தில் கறுப்புக் கோடு. மணிப்புறாவும் இல்லை, தவிட்டுப்புறாவும் இல்லை, செம்புறாதான் என்று புத்தகத்தைப் புரட்டித் தீர்மானிக்க அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஆணுக்குத்தான் அந்தச் சிவப்பு, பெட்டை மங்கல் நிறம் என்று கண்டுகொண்ட அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். அவ்வளவு இளகிய மனசு.

மனுஷர்களிடம் மட்டும் அது இளகாது. புது ஆட்சி வந்த மறுவருஷம் அவர் வயலில் கூலிக்கு உழைத்த சேரித் தெருக்காரர்கள் கொடி பிடித்துக் கூலி உயர்வு கேட்டார்கள். அவர் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார். அறுத்த வயலில் உதிர்ந்து கிடக்கும் சிந்துமணியைப் பொறுக்கிக்கொள்வது தெருப் பெண்களுக்குக் காலங்காலமாக உள்ள வழக்கம். வேலை போன வீடுகளில் இனி அதுதான் கஞ்சி. அதுவும் கூடாது என்றார். வயிறு கேட்குமா? வந்தார்கள்.

பண்ணையார் தன் வயல்வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் கண்ணுசாமியைக் கூப்பிட்டார். "நெல்லுல பூச்சிமருந்தக் கலந்து கிழக்கு வயல்ல எறச்சு விடு. யாராச்சும் கேட்டா எலிக்குன்னு சொல்லு."

"புறா மேயுமேங்க?"

"அது மேற்கத் திடல விட்டு வராதுய்யா. நான் பாக்காததா?"

மறுநாள் காலை திடலில் ஒரு புறாவும் இல்லை. தேடிக்கொண்டு கிழக்கே போனார். அறுத்த நெல்தாளுக்கு நடுவே செம்புறாக்கள் சிறகு விரித்துக் கிடந்தன. ஒன்று மட்டும் வாய் பிளந்து துடித்தது. ஈர மண்ணில் மண்டியிட்டு அதைக் கையில் ஏந்தினார். பாவி மனுஷன், நிஜமாகவே அழுதார்.

வரப்பில் கூடையோடு நின்றாள் தெருப் பெண்களில் ஒருத்தியான செவ்வந்தி. அவர் வருவதற்கு முன்பே இறங்கி ஒரு பிடி பொறுக்கி மடியில் கட்டியிருந்தாள். புறாக்கள் விழுவதைப் பார்த்துத்தான் பதறி மேலே ஏறினாள். வீட்டில் பிள்ளைகள் அந்தக் கஞ்சிக்குக் காத்திருந்தன.

"இந்த நெல்லத் தொடாத, போயிடு" என்றார் தலை நிமிராமல்.

"எலிக்கு வச்சதாங்கய்யா?"

அவர் புறாவின் விரிந்த சிறகை மடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். செவ்வந்தி மடியை அவிழ்த்து நெல்லை அவர் முன்னால் கொட்டினாள்.

"புறா முந்திக்கிச்சு. இல்லாட்டி எம் புள்ளைங்கதான் இப்படிக் கெடந்திருக்கும். அப்ப நீங்க வந்து அழுதிருக்க மாட்டீங்க. மனுஷிக்கு வெஷம் வச்ச கையில புறாவ ஏந்திக்கிட்டு அழுதா, அதுக்குப் பேரு இரக்கம் இல்லீங்க."