மந்திரித்த திராட்சைக் குச்சிகள்

"கானாவூர் கல்யாணத்துல ஆண்டவர் செஞ்ச ரசம் கறுப்புத் திராட்சையா, பச்சைத் திராட்சையா சாமி?"

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் எட்டு வயது பாக்கியமேரி இப்படிக் கேட்டாள். பங்குச் சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வெறும் தண்ணியத்தாம்மா ரசமா மாத்தினாரு. அங்க திராட்சையே கிடையாது."

"அப்ப எங்க வூட்டுல மட்டும் எதுக்குச் சாமி சண்டை?"

சண்டை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அது அறுபத்தேழாம் வருஷம். மாரண்டஹள்ளிக்கு அருகே தமக்கிருந்த ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தில் கேழ்வரகை விட்டுவிட்டுத் திராட்சை வைப்பது என்று பாக்கியமேரியின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் முடிவு செய்திருந்தார். கல்தூண் நட்டாயிற்று. பந்தலுக்குக் கம்பி இழுத்தாயிற்று. எந்த ரகம் என்பதுதான் பாக்கி. காய்ப்பைப் பார்க்கவே இரண்டு வருஷம் ஆகும். ரகம் தப்பிப்போனால் பந்தலும் பாடும் வீண்.

ஸ்தனிஸ்லாஸ் பெங்களூர்ப் பழக்கடை ஒன்றில் அனாபிஷாகி என்ற பச்சைத் திராட்சையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஒவ்வொண்ணும் புறா முட்டை மாதிரி. வெளிச்சத்துல புடிச்சா உள்ள இருக்கிற விதை தெரியுது புஷ்பம்."

"பேரைக் கேட்டாலே பல்லக்கு வேணும்போல இருக்குதுங்க" என்றாள் அவர் மனைவி புஷ்பமேரி. "ஒரு தூத்தல் விழுந்தா அதுக்கு மருந்து அடிக்கணும். நவாபை வூட்டுக்குக் கூட்டியாந்தா விசிறி யாரு வீசறது? கறுப்புத் திராட்சை வைங்க. அது பாட்டுக்கு வளரும்."

"கறுப்பு புளிக்கும்."

"நானுங்கூடக் கறுப்புத்தான். கட்டி இத்தனை வருஷம் ஆச்சே, புளிச்சுப் போச்சுங்களா?"

ஸ்தனிஸ்லாஸ் சிரித்துவிட்டார். ஆனாலும் நடுவதற்கு அனாபிஷாகிக் குச்சிக்கே சொல்லி அனுப்பினார்.

பக்கத்து நிலம் சென்றாயனுடையது. ஸ்தனிஸ்லாஸ் சொன்னதை நம்பித்தான் அவரும் பந்தல் போட்டிருந்தார். ஆனால் கறுப்புத் திராட்சைதான் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் மனைவி மாதம்மாளுக்கு இளைப்பு. நிலத்தில் அவர் ஒருவர் பாடுதான். "நீங்க ராஜாவை வளத்துங்கண்ணா. எனக்குச் சொன்னபடி கேக்கற செடி போதும்" என்றார்.

அந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி நடவுக்கு முன், விதையானாலும் நாற்றானாலும் குச்சியானாலும், கோயிலில் மந்திரிக்காமல் மண்ணுக்குப் போகாது. ஸ்தனிஸ்லாஸ் தம் குச்சிக் கட்டை வண்டியில் ஏற்றும்போது சென்றாயனும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க முனியப்பனுக்குப் பொங்கல் வெச்சாச்சுங்கண்ணா. உங்க சாமி தீர்த்தமும் படட்டும். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா நல்லதுதானுங்களே."

இரண்டு கட்டும் ஈரச் சாக்கில் சுற்றியிருந்தன. இலையில்லாத திராட்சைக் குச்சி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஸ்தனிஸ்லாஸ் தம் சாக்கின்மேல் சாக்கட்டியால் ஒரு சிலுவை போட்டார். ஆண்டவர் அடையாளத்தைவிட நல்ல அடையாளம் ஏது என்று நினைத்திருப்பார்.

கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சவுரியப்பன் கண்டிப்பானவர். ஒரே கட்டை இரண்டு முறை மந்திரித்துச் சாமியாரின் தீர்த்தம் வீணாகிவிடக் கூடாதே என்று, மந்திரித்த ஒவ்வொரு கட்டின்மேலும் தம் கையாலேயே சாக்கட்டியால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டே வந்தார். பூசை முடிந்து பார்த்தால் ஊர்க் கட்டெல்லாம் சிலுவை.

"எதுங்க நம்மளுது?" என்று புஷ்பமேரி கேட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் ஈரச் சாக்குக் கட்டு இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "இதுதான். ராஜா குச்சி தடியாத்தான் இருக்கும்."

கார்த்திகையில் குச்சிகள் துளிர்த்தன. பாக்கியமேரி ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இலைக்கு அடியில பஞ்சு ஒட்டியிருக்குது."

கறுப்புத் திராட்சையின் இலைக்குத்தான் அடியில் வெள்ளைச் சுணை இருக்கும். ஸ்தனிஸ்லாஸ் வரப்பைத் தாண்டி ஓடிப்போய்ச் சென்றாயன் நிலத்து இலையைத் திருப்பினார். வழவழவென்று இருந்தது.

புஷ்பமேரி கல்தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சத்தியமா நான் இதுக்கு ஜெபம் பண்ணலைங்க!"

ஸ்தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசைப்பட்டது கிடைக்காமல் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒற்றை ஆளாகப் பாடுபடுகிற மனிதன் தலையில் நவாபைக் கட்டிவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. சென்றாயன்முன் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தப்பு என்னுது சென்றாயா. புடுங்கிப் போட்டுடு. உனக்குப் புதுக் குச்சி நான் கொண்டாந்து நட்டுத் தர்றேன்."

"வேர் புடிச்சதைப் புடுங்கறதுங்களா? வூட்டுக்கு வந்த மருமவளைத் திருப்பி அனுப்பறாப்பல இருக்குது. இருந்துட்டுப் போவட்டும் வுடுங்கண்ணா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சென்றாயன் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் வரப்பில் நின்று, "நவாபு ராத்திரி தும்மிட்டாருங்கண்ணா. கசாயம் போடணும்" என்பார். மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். இடையில் வீட்டுக்கு ஓடி மாதம்மாளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வருவார். ஸ்தனிஸ்லாஸ் கூட வந்தால் விடமாட்டார். "உங்க கறுப்பு அழுவுது, போய்ச் சமாதானம் பண்ணுங்க" என்று துரத்திவிடுவார்.

கறுப்புத் திராட்சை அழவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து, காய்த்து, சந்தைக்கும் போயிற்று. ஒவ்வொரு கூடையைத் தூக்கும்போதும் ஸ்தனிஸ்லாஸுக்கு வரப்புக்கு அந்தப்பக்கம் பார்க்கக் கூச்சமாக இருந்தது. செய்த தீங்கை மன்னித்துவிட்டவனுக்கு ஈடு செய்வது எளிதல்ல. அவன் கையை நீட்டவே மாட்டான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில் சென்றாயன் பந்தல் முழுக்க அனாபிஷாகி மொக்குக் கட்டியிருந்தது. அதுதான் அவருக்கு முதல் நல்ல காய்ப்பு. அந்த வாரம் அவர் மாதம்மாளைத் திருவண்ணாமலைத் தீபத்துக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். இளைப்பு நிற்கட்டும் என்று வெகுநாளாக இருந்த வேண்டுதல்.

"மொக்கு நேரம் சென்றாயா. மழை புடிச்சா?" என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

"அண்ணாமலையான் வூட்டுக்கே போறேன். அவனையே கேட்டுக்கறேனுங்க."

பஸ் போன மறுநாள் தூறல் பிடித்தது. அடுத்த நாள் காலை மழை வெறித்தபோது ஸ்தனிஸ்லாஸ் வரப்பைத் தாண்டினார். இலையில் அங்கங்கே எண்ணெய் சொட்டியதுபோல் மஞ்சள் புள்ளி. இன்று விட்டால் மொக்கெல்லாம் கருகி உதிர்ந்துவிடும்.

புஷ்பமேரியும் பாக்கியமேரியும் பாலக்கோட்டில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் மருந்துக்காக நீல மயில்துத்தத்தை ஒரு மண்பானையில் கரைத்தார். சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து வடிகட்டி, இரண்டையும் கலந்தார். கருக்கரிவாளை அதில் முக்கி எடுத்துப் பார்த்தார். இரும்பில் செம்பு படிந்திருந்தது; அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊற்றினார். மறுபடி முக்கியபோது அரிவாள் சுத்தமாக வந்தது.

பம்பை முதுகில் மாட்டி, பந்தலுக்குக் கீழே குனிந்து, ஒவ்வொரு இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடித்துக்கொண்டே போனார். தம் நிலமாக இருந்தால் இவ்வளவு பொறுமையாக அடித்திருப்பாரோ என்னவோ. கடைசி வரிசை முடிந்தபோது முதல் வரிசை இலைகள் காய்ந்து நீலம் படிந்திருந்தன. வேலி வாசலின் முள்படலைச் சென்றாயன் கட்டுவதுபோலவே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார்.

புஷ்பமேரி திரும்பி வருவதற்குள் வாய்க்காலில் கைகழுவ உட்கார்ந்தார். நகக்கண்ணில் நீலம் போகவில்லை. ஈர மண்ணை அள்ளி இன்னொரு முறை தேய்த்தார்.