பட்டை கழலும் வரை

சனிக்கிழமை மாலைகளில் சுருட்டுக்கடையின் பின்னறையில் ஆறேழு சுருட்டு ரசிகர்கள் கூடுவார்கள். சுருட்டின் பாஷையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் கடைக்காரரின் தங்கை. கடைக்கான சுருட்டுகளைச் சுற்றுபவளும் அவள்தான். அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: விளக்கலாம், பற்றவைக்கக் கூடாது. "நாலு பேர் முன்னாடி நீ ஊதினா என் மானம் கப்பலேறிடும்."

அன்றும் ஒரு சுருட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"வாயில வைக்கிற முனை தொப்பி. நெருப்பு வைக்கிற முனை பாதம். தலையை வெட்டிட்டுக் காலைக் கொளுத்தறதுதான் நம்ம பொழப்பு."

சிரித்தார்கள்.

"நடுவுல இருக்கறது உள் இலை. அதை இறுக்கிப் பிடிக்கிறது கட்டு இலை. வெளிய பளபளன்னு தெரியறது மேல் இலை, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. இந்தக் காகித வளையம் பட்டை. பத்தவைக்கறதுக்கு முன்னாடி இதுல கை வைக்காதீங்க. பசை இலையில ஒட்டியிருக்கலாம். சூடு ஏறினா தானா இளகும்."

இந்தச் சுருட்டு ரசிகர் மன்றத்தின் தலைவர் அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்தார். கடையில் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர். கைப்பேசியை வைத்த கையோடு, இன்னும் பற்றவைக்காத தன் சுருட்டின் பட்டையைப் பிடித்து இழுத்தார். மேல் இலையும் சேர்ந்து கிழிந்து வந்தது.

"என்னம்மா இது, தோலோட வருது? சுத்தின லட்சணமா இது?"

முன்கடையிலிருந்து அண்ணன் ஓடிவந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க தலைவரே, சுத்தினதுலதான் கோளாறு. ஏய், ஆமான்னு சொல்லு."

இன்னொரு புகார் வந்தால் சரக்கை வெளியே வாங்கிக்கொள்வதாகவும், அவள் வீட்டோடு இருக்கலாம் என்றும் அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒரு 'ஆமாம்' போதும். நாளை முதல் சுருட்டு சுற்றும் மேசை அவளுக்கில்லை. கிழிந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அதை நீவிப் படியவைத்தது அவள் விரல்கள்தான்.

"சொல்ல மாட்டேன்."

தலைவர் சிரித்தார். "ஒரு தடவையாவது வாயில வச்சுப் பார்த்திருக்கியா? கரையில நின்னுக்கிட்டு நீச்சல் கத்துக்குடுக்கறே."

"இழுத்தா புகை சீரா வரணும். அதுக்குப் பேரு இழுவை. இழுத்துப் பார்க்காம அது எப்படித் தெரியும்? தினமும் கதவைச் சாத்திக்கிட்டுப் பார்க்கறேன். இன்னிக்குக் கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான்."

கையிலிருந்த சுருட்டின் தொப்பியை நறுக்கினாள். பாதத்தில் தீக்குச்சியைக் காட்டி மெல்லச் சுழற்றினாள்.

"ஏய், வேண்டாம்!" அண்ணன் ஓடிப்போய்த் தெருப்பக்கக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார்.

அவள் அவசரப்படவில்லை. ஒரு இழுப்பு. மறுபடி ஒரு இழுப்பு. சாம்பல் வெளுத்து நீண்டது. நெருப்பு பட்டையை நெருங்கியதும் விரல்நுனியால் அதை லேசாகத் தள்ளினாள். தளர்ந்த வளையல்போல அது கழன்று வந்தது. மேல் இலையில் ஒரு கீறல் இல்லை. பட்டையைத் தலைவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறினார்.

"பெரிய வாடிக்கை போச்சு," என்றார் அண்ணன். "நாளைக்கு மேசைப் பக்கம் வந்துடாதே."

"வருவேன்," என்றாள். "பூட்டிப் பாரு, கண்டிப்பா வருவேன்."

சுருட்டை அணைக்காமலே மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"பட்டை வரைக்கும் சொல்லியாச்சு. அடுத்தது சாம்பல்."

யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.