சனிக்கிழமை விளையாட்டு

கதைக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது லிஃப்ட் மெக்கானிக்தான். அவள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கையில் நரம்பைத் தேடி ஊசி குத்துவதும், குழாய்களில் பெயர் ஒட்டி இயந்திரத்தில் அடுக்குவதும்தான் பிழைப்பு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பங்குக் கூடத்தில் மேசையைப் போட்டுக் கதை சொல்லத் தொடங்குவாள்.

அது ஒரு விளையாட்டு. அவள் ஒரு குகையைச் சொல்வாள், உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது என்பாள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பாள். எதிரே இருக்கும் மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்கள். விழும் எண்ணைப் பொறுத்து வாள் வெட்டும், இல்லையென்றால் கை நழுவும். மருந்துக்கடைக்காரர் திருடன். நிஜத்தில் மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுக்கிற மனிதர். அவர் மனைவி மந்திரக்காரி. மெக்கானிக், காயம்பட்டவர்களை ஜெபத்தால் குணமாக்கும் குள்ளத் துறவி.

மெக்கானிக் ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி நோயில் இறந்த பிறகு கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். ஊரெல்லாம் லிஃப்டைப் பழுதுபார்த்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மேல்மாடியில் குடியிருக்கிறேன் என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர்தான் அவரைப் பேசிப் பேசி விளையாட்டுக்கு இழுத்து வந்தார்.

ஒரு சனிக்கிழமை, கதையில் மந்திரக்காரி சாகக் கிடந்தாள். துறவி பகடையைக் கையில் எடுத்தார். கதைக்காரி விளையாட்டாக, சும்மா உருட்டினால் ஆகாது, ஜெபத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றாள். அவர் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“ஆண்டவரே, உங்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு,” என்றார். “போன தடவை கேட்டத நீ குடுக்கல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல. இந்தப் பொண்ணையாவது விட்டுடு.”

யாரும் சிரிக்கவில்லை. என்ன எண் விழுந்தது என்று பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் திருப்பலியில், கடைசி பெஞ்சின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்ததைக் கதைக்காரி பார்த்தாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கதைக்காரியின் அம்மா போகும் ஜெபக்கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மந்திரமும் பேய்களும் வரும் இப்படிப்பட்ட விளையாட்டுகள் சாத்தானுக்குக் கதவைத் திறந்துவிடும், பலபேர் குடும்பம் அப்படித்தான் சீரழிந்தது என்று அவர் பேசியிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து மகளின் அலமாரியைத் திறந்தாள். கையில் எடுத்த முதல் விளையாட்டுப் புத்தகத்தின் அட்டையிலேயே கொம்பு வைத்த உருவம். மகள் எவ்வளவோ விளக்கினாள். அம்மா தலையாட்டிவிட்டு, மகள் வேலைக்குப் போனதும் புத்தகங்கள் மீது தீர்த்தம் தெளித்தாள். கணவர் போன பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு மகள்தான். கடைசியில் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போய் அழுதாள்.

பங்குத்தந்தை கதைக்காரியை அழைத்து நிதானமாகவே விசாரித்தார். ஆவிகளைக் கூப்பிடுகிறீர்களா, பகடையை வைத்து எதிர்காலம் பார்க்கிறீர்களா, கெட்டதை நல்லதென்று காட்டுகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றாள்.

“இதுல பாவம்னு எனக்கு எதுவும் படலம்மா,” என்றார். “கற்பனையும் கடவுள் குடுத்ததுதான்.”

“அப்புறம் என்ன ஃபாதர்?”

“கோயில் இடத்துல நடக்குது. நாலு பேர் மனசு இடறுது. உங்கம்மாவே அழுறாங்க. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை. நான் அவங்ககிட்ட பேசிப் புரியவைக்கிறேன்.”

மெக்கானிக்கின் ஜெபத்தைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அது அவருடைய சொந்த விஷயம் என்று விழுங்கிவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் தொடரலாம் என்றால், அவர் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மை வகுப்பில் இருந்தாள். பெயர் கெட்டுவிடும் என்று அவர் தயங்கினார். கதைக்காரியின் வீட்டில் பேச்சுக்கே இடமில்லை. மெக்கானிக், என் வீட்டுக்கு வாங்களேன் என்றார். சரி, பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் போகவில்லை. அவர் சிலமுறை போன் செய்தார். வேலை நேரம் என்று அவள் அவசரமாகப் பேசி வைத்தாள். கடைசி பெஞ்சிலும் அவரைக் காணோம். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், அவருக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தவர்கள் கூரையில் தண்ணீர் கசிவதைப் பார்த்து மேலே போய்க் கதவைத் தட்டினார்கள். பிறகு உடைத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. குழாய் திறந்தபடியே இருந்தது. வாசல்வரை உடம்பை இழுத்துக்கொண்டு வந்து அங்கேயே இறந்து கிடந்தார். விழுந்த பிறகும் ஒருநாளுக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

மருந்துக்கடைக்காரர் போனில் இவ்வளவையும் சொல்லிவிட்டு, “வெள்ளிக்கிழமை விழுந்திருப்பார்னு சொல்றாங்க,” என்றார். அவர் மனைவி போனை வாங்கினாள்.

“விளையாட்டு நடந்துட்டு இருந்திருந்தா, சனிக்கிழமை வரலன்னு நாம தேடிப் போயிருப்போம்ல?”

முன்பு ஒருமுறை மெக்கானிக் வரத் தாமதமானதற்கே மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் சொற்பம். எல்லாம் முடிந்து கல்லறை வாசலில் பங்குத்தந்தை அவளிடம் வந்தார்.

“கூடத்துச் சாவிய வாங்கிக்கம்மா. யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்.”

“அம்மாகிட்ட பேசறேன்னு சொன்னீங்களே ஃபாதர். பேசினீங்களா?”

அவர் தன் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். “பேசணும்னுதான் இருந்தேன்,” என்றார்.

அவள் சாவியை வாங்கவில்லை.

வீட்டில் அம்மா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “அவர் சாகறதுக்கு முன்னாடி ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பாராடி?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. கூப்பிட ஆளில்லாம தரையில கிடந்திருக்கார். அதுதான் தெரியும்.”

அம்மாவின் முகம் கோணியது. “உன் ஆத்துமா கெட்டுடக் கூடாதுன்னுதான் நான்...”

“தெரியும்மா.”

அம்மா சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே சண்டை போடவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுவாரமும் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். ஆனால் அங்கே வாய் திறப்பதில்லை என்று யாரோ சொல்லித் தெரிந்தது.

மூவரும் ஒருமுறை மருந்துக்கடைக்காரர் வீட்டில் கூடினார்கள். தேநீர் குடித்தார்கள். பகடையை யாரும் தொடவில்லை. பிறகு கூடவும் இல்லை.

சனிக்கிழமைகளில் அவள் இப்போது கூடுதல் நேரம் வேலை பார்க்கிறாள். வயதானவர்கள் தனியாக வந்தால், ஊசியை எடுக்கும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். அது அவள் வேலையில் சேராத கேள்வி. மகன், மருமகள் என்று சொல்பவர்கள் உண்டு. யாருமில்லை என்பவர்களுக்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரிவதில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறாள்.