காப்புக் கட்டிய நீர்முள்ளி

நீர்முள்ளியைப் பார்க்கப் பஸ் ஏறி வரும் ஆளை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. திருமயத்துக்குக் கிழக்கே, கண்மாயில் நீர் தேங்கும் உள்வாயில் சேறு காயாத இடமெல்லாம் மண்டிக் கிடக்கும் முட்செடி அது. ஆடுகூட வாய் வைக்காது. சோலையப்பன் அதில் சிலவற்றைத் தேர்ந்து தண்டில் நூல் கட்டினான். வாரம் தவறாமல் புதுக்கோட்டையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அவன் கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். கண்மாய் வற்ற வற்றச் செடிக்குள் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஆராய்ச்சி. நீர்முள்ளிக் கஷாயம் குடித்தால் உடம்பில் கட்டிய நீரை இறக்குவது அந்த உப்புதான் என்று நினைத்தான். குறித்த செடிகள் விதை முற்றும்வரை நின்றால்தான் பட்டம். மனைவி அமராவதி பிள்ளை பெறுமுன்பே உடம்பு வீங்கி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அவனுக்குச் செய்ய வேறு வேலையும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, தை மாதம் ஒரு செடியைக் காணோம். அடுத்த வாரம் இன்னொன்று. சுற்றிலும் நின்றவை அப்படியே நின்றன. நூல் கட்டியவை மட்டும் வேரோடு போயின. நூல் சேற்றில் கிடந்தது. அறுக்கவில்லை, முடிச்சை நிதானமாக அவிழ்த்திருந்தார்கள். அந்த நிதானம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள்.

மடை பார்க்கும் அடைக்கலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. முதல் நாளே அவர் கேட்டிருந்தார்.

"சர்வேக்கு வந்தீங்களா சார்?"

"இல்லை. செடி பார்க்க."

"இந்த முள்ளயா? இம்புட்டுப் படிச்சும் வேற வேலை குடுக்கலையா?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன்பின் அவன் எந்தச் செடியருகே குனிகிறான் என்று கரையிலிருந்தே பார்ப்பார். சர்க்கார் நிலமான உள்வாயில் களவாக அவர் ஒரு துண்டு சோளம் போட்டிருந்தார். அளக்க வந்தவனென்று நினைத்து விரட்டப் பார்க்கிறார் என முடிவு கட்டினான்.

கடைசியில் ஒரே செடி மிஞ்சியது. அன்று விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து கருவேலமரத்தின் பின்னால் உட்கார்ந்தான். அடைக்கலம் வந்தார். செடியைக் கும்பிட்டார். முடிச்சில் கை வைத்தார்.

"என் செடியை எதுக்குப் பிடுங்குறீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "நீங்க காப்புக் கட்டுனதத்தானே எடுக்குறேன். மத்ததுக்கு யாரு சாபம் தீத்தா? அது சும்மா களை."

மூலிகை பறிக்குமுன் அதன் சாபம் தீர, நோயாளி பேரைச் சொல்லிச் செடிக்கு மஞ்சள் நூல் கட்டுவதை அவனும் கேள்விப்பட்டிருந்தான். அவன் கட்டியது வெள்ளை நூல். இற்றுப்போகாமலிருக்க தேன்மெழுகில் தோய்த்ததில் மஞ்சளாகியிருந்தது.

"கேட்டு எடுக்கலாம்ல?"

"கட்டுறீங்க, பாக்குறீங்க, ஒண்ணையும் எடுக்கல. யாருக்கோ செய்வினை வைக்கிறீங்கன்னு ஊரே பேசுது. எப்புடிக் கேக்குறது?"

"யாருக்கு முடியலை?"

"எம்மக செவந்திக்கு. வயித்துப்பிள்ளைக்கு எட்டு மாசம்."

அவரோடு போனான். வீட்டில் செவந்தி சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவள் கணுக்காலை அழுத்திப் பார்க்கச் சொன்னான். அடைக்கலம் கட்டைவிரலை எடுத்தபின்னும் குழி எழும்பவில்லை. அந்தக் குழியைச் சோலையப்பன் முன்பே பார்த்திருக்கிறான்.

"தலை வலிக்குதாம்மா?"

"மண்டை பொளக்குது சார். கண்ணுல பூச்சி பறக்குது."

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. இப்பவே."

அடைக்கலம் நகரவில்லை. "நீங்க யாரு பேருக்குக் காப்புக் கட்டுனீங்க? மொதல்ல அதச் சொல்லுங்க."

யாருக்குமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"அமராவதி. என் சம்சாரம்."

"கொணமாச்சா?"

"ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள போயிட்டா."

அடைக்கலம் அவன் முகத்தையே பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

"நானா எடுத்துக் குடுத்த கசாயம் எதுவும் அவளுக்குக் கேக்கல சார், கட்டுன கைதான் அவுக்கணும். கடைசிச் செடிய ஒங்க கையால அவுத்துக் குடுங்க. பஸ் ஏறுறோம்."

கண்மாய்க்கரையில்தான் பஸ் நிற்கும். சோலையப்பன் சேற்றில் இறங்கினான். நீலப்பூ உதிர்ந்து விதை பிடிக்கத் தொடங்கியிருந்தது. முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தான். வேரோடு பிடுங்கினான். முள் உள்ளங்கையைக் கிழித்தது.

"முள்ளுச்செடிய உள்ள ஏத்தாதீங்கய்யா" என்றான் கண்டக்டர்.

"மருந்து" என்றார் அடைக்கலம்.

செடியை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுகச் சோலையப்பனையே பார்த்துக்கொண்டு வந்தார். சோலையப்பன் செவந்தியின் காலைப் பார்த்துக்கொண்டு வந்தான். குழி இன்னும் எழும்பவில்லை.