வாய்க்கால் முனையில் கூப்பிடுகிறவன்

தான் பிறந்த வீட்டில் இரண்டு நாள் தங்க, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சாவி வாங்க வேண்டியிருந்தது ஓர்சோலாவுக்கு. வெனிஸ் இப்போது அப்படித்தான். ஊர்க்காரர்கள் கரையேறிப் போய்விட்டார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் குடியிருக்கிறார்கள். கன்னரேஜோ பேட்டைச் சந்துகளில் பொழுது விடிந்தால் சக்கரச் சத்தம்தான், மனுஷச் சத்தம் கிடையாது. வயிற்றெரிச்சல், வேறென்ன சொல்ல.

சாவி கொடுத்தவள் பெயர் நீவெஸ். வீடு இப்போது விடுதி; அதைப் பார்த்துக்கொள்ளும் பெண், வாயாடி. ஓர்சோலாவுக்கு ஓர்சோலாவின் வீட்டையே சுற்றிக் காட்டினாள்.

"இது சமையல் ரூம்மா. இந்த ஜன்னல் கொண்டி கொஞ்சம் மக்கர் பண்ணும், மேல தூக்கி..."

அதற்குள் ஓர்சோலாவின் கை கொண்டியைத் தூக்கித் திருப்பிவிட்டது. ஐம்பத்து மூன்று வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை.

"அட, முன்னாடி இங்க தங்கியிருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் டூரின்ல இருந்து வரேன். ஊர் பார்க்க வந்தேன்."

"நல்லாப் பாருங்க. இன்னொண்ணு, காலையில பனி மூடியிருந்தா கீழ யாரோ 'ஓய்'னு கூப்பிடுற மாதிரி கேக்கும். பயந்துக்காதீங்க."

"படகுக்காரங்களா இருக்கும்."

"அவங்க இல்லையாம், நானே கேட்டுட்டேன். முனைக்கு அந்தப் பக்கத்துலருந்து குரல் வருமாம். 'வழி இருக்கு, வாப்பா'ன்னு மரியாதைக்குப் படகுக்காரங்களும் பதில் சொல்லுவாங்களாம். ஒரு படகும் வராதாம். அதையும் ரசிச்சு நெட்ல எழுதிட்டுப் போறாங்க, வந்து தங்குறவங்க. என்னத்தச் சொல்ல."

அப்படி எவனோ எழுதியதை டூரினில் படித்துவிட்டுத்தான் ஓர்சோலா ரயிலேறியிருந்தாள். அதை நீவெஸிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கீழே வாய்க்கால் சட்டென்று திரும்புகிறது. துடுப்புப் படகில் வருகிறவனுக்கு முனைக்கு அந்தப் பக்கம் தெரியாது. அதனால் திரும்புமுன் "ஓய்" என்று குரல் கொடுப்பான். எதிரே ஆள் இருந்தால் பதில் வரும், நிற்பான். பதில் வராவிட்டால் வழி காலி என்று அர்த்தம், திரும்பிவிடுவான். மோட்டார் படகுகள் வந்தபின் வந்தது வினை. இன்ஜின் இரைச்சலில் அதை ஓட்டுகிறவனுக்கு எந்தக் குரலும் கேட்காது. சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். ஆகவே அண்ணன் தோதரோ சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வரும்போதெல்லாம் சின்னவள் ஓர்சோலா ஜன்னலில் நிற்பாள். எதிரே படகு வந்தால் "நில்லு" என்று கத்துவாள். அது போனதும் "வா" என்பாள். நில்லு என்று சொன்ன வாய்தான் வா என்றும் சொல்ல வேண்டும்.

அன்று சலூத்தே மாதா திருநாளுக்கு முந்தின நாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினேழு. வீடு முழுக்க உப்புக்கண்ட ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் கொதிக்கிற வாசனை. காலையில் அவன் தன் கூட்டாளிகள் முன்னால் அவளைத் "தூங்குமூஞ்சி" என்று சொல்லிவிட்டான். அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் கோபம் அவளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. "ஓய்" என்று அவன் கூப்பிட்டபோது, சிமென்ட் மூட்டை ஏற்றிய மோட்டார் படகு வருவதை அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அவனுக்குப் படகு உரசட்டும், கொஞ்சம் பயப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பதில் வரவில்லையே, வழி காலி என்று அவன் திரும்பினான்.

அவன் செத்ததற்குப் பனிமூட்டத்தின் மேல் எல்லோரும் பழியைப் போட்டார்கள். அம்மா சாகும்வரை பனியைத்தான் திட்டினாள். ஓர்சோலா கட்டிய புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

சாவி வாங்கிய மறுநாள் விடிந்தபோது எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. அவ்வளவு பனி. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் போய் நின்றாள்.

"ஓய்..."

இழுத்து, கடைசியில் கொஞ்சம் உயர்த்தி. அந்த வீட்டில் அப்படிக் கூப்பிட்டது ஒருவன்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உயிரோடு இருந்தபோது அவள் பேசாமல் இருந்ததை நம்பி வந்தான்; செத்தபின் நம்பவில்லை. படகுக்காரர்கள் வா என்று சொல்லியும் நம்பவில்லை. இந்த ஜன்னலிலிருந்து குரல் வரட்டும் என்று அத்தனை வருஷமும் முனையில் நின்றிருக்கிறான், பாவி.

"ஓய்..."

கீழே இன்ஜின் சத்தம் கேட்டது. ஓட்டல் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிய படகு பனிக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது.

"நில்லு!" என்று கத்தினாள் ஓர்சோலா. "தோதரோ, நில்லு! படகு வருது!"

சத்தம் கேட்டு நீவெஸ் காபிக் குவளையோடு ஓடிவந்து சமையலறை வாசற்படியில் நின்றுவிட்டாள். துணிப் படகு முனை திரும்பி, புகைவிட்டுக்கொண்டு போயிற்று. ஓர்சோலா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். தண்ணீர் அடங்கிக் கிடந்தது.

"வாண்ணே," என்றாள். "வழி காலி. வா."

துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் முனையைத் திரும்பி வந்தது. படகு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஜன்னலுக்கு நேர் கீழே, பாசி பிடித்த படியில் அலை மூன்று தரம் மோதியது.

"இவ்ளோ நேரமாடி?" என்றது குரல். "தூங்குமூஞ்சி."

துடுப்புச் சத்தம் மெல்லத் தேய்ந்து, பாலத்துக்கு அப்பால் இல்லாமல் போனது. ஓர்சோலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நீவெஸ் காபிக் குவளையைக் கீழே வைத்தாள். "யாரும்மா அது?"

"எங்கண்ணன்."

"உங்க ஊர் டூரின்னு சொன்னீங்களே."

"பொறந்தது இந்த வீடு."

நீவெஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "நாளைக்கும் கூப்பிடுவாராம்மா?" என்று கேட்டாள்.

"மாட்டான். நான்தான் வழி சொல்லி அனுப்பிட்டேனே."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இந்த ஊரில் அவளைத் தெரிந்தவன் என்று அவன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான்.